காது கேட்காதவளின் ஸ்பீக்கர்கள்

கடைக்காரர் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டே மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க பையன்தாம்மா போன்ல சொன்னாரு. அம்மாவுக்கு வயசாயிட்ச்சு, காது முன்ன மாதிரி கேக்கறதில்ல, உள்ள புதுசு போட்டுக் குடுத்துடுங்க, அவங்களுக்குத் தெரியாதுன்னு. நானா பண்ணல."

கடைக்கு வெளியே திருப்பதி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த ஹாரன் எனக்கு நன்றாகவே கேட்டது.

காது என்பது எனக்கு வெறும் உறுப்பு இல்லை. அதை வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். இருபத்திரண்டு வயதில் திருத்தணி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எண்களை அவரவரே சுழற்றிப் பேசும் வசதி வருவதற்கு முந்தைய காலம். தலையில் ஹெட்போன், முன்னால் பலகை நிறைய ஓட்டைகள், கையில் வயர். நகரியிலிருந்து கூப்பிடுகிறவருக்குத் தெலுங்கில், பள்ளிப்பட்டுத் தறிக்காரருக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து, மெட்ராஸ் ஆபரேட்டருக்கு அவசர அவசரமாக இங்கிலீஷில் என்று நாள் முழுவதும் பேசுவேன். இரைச்சலுக்கு நடுவே ஒருவர் சொல்வது ஏழா எட்டா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தப்பாகக் கேட்டால் சாவுச் செய்தி வேறு வீட்டுக்குப் போய்விடும். பிற்பாடு இயந்திரம் வந்து எங்களைக் கவுன்ட்டருக்கு மாற்றியது வேறு கதை. ஆனால் என் காதைப் பற்றி மேலதிகாரி ஒருவர்கூட ஒரு குறை எழுதியதில்லை. அதை எழுதியது நான் பெற்ற பிள்ளை.

ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொல்கிறேன். என் இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். இங்கிலாந்தில் செய்தவை. அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் தையல் மெஷின் வாங்கத்தான் போனேன். அந்த அம்மாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது உள் அறையில் ஒரு ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், எனக்குப் புரியாத பாட்டு. அடுத்த அடியைத் தொடங்கும் முன் அவள் மூச்சு இழுத்தாள். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. தினமும் நூறு குரல் கேட்கிற எனக்கு, வயரில் வராமல் உடம்போடு ஒரு குரல் வந்தது அன்றைக்குத்தான். மெஷினை விட்டுவிட்டு அந்தப் பெட்டிகளைக் கேட்டேன்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது எங்கள் நைனா வாசலில் நின்றார்.

"தைக்கற மிசின் வாங்கப் போனவ, ரெண்டு மரப்பொட்டி தூக்கினு வந்துகிறா" என்று யாரிடமோ சொல்வதுபோல் தெருவைப் பார்த்துச் சொன்னார். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

இதைச் சொன்னதும் சிலர் உருகுவார்கள். அந்தக் காலத்துப் பொருள் அந்தக் காலத்துப் பொருள்தான் என்று தலையாட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சும் பிடிக்காது. அந்தக் காலத்துப் பொருளில் பாதி குப்பை. எங்கள் வீட்டு வால்வு ரேடியோ தொட்டால் ஷாக் அடிக்கும். மேலே வைத்திருந்த கேசட் பிளேயர் வருஷத்துக்கு மூன்று முறை டேப்பை மென்று துப்பும். அதையெல்லாம் நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். இந்த இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அவை பழையவை என்பதல்ல. நன்றாகப் பாடின. அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில் இடப்பக்கத்துப் பெட்டி நோக ஆரம்பித்தது. தவில் அடி விழும்போதெல்லாம் காகிதம் படபடப்பதுபோல் ஒரு சத்தம். முன்பக்கத் துணி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அடியிலிருக்கும் பெரிய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றி ஒரு பஞ்சு வளையம் இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் அசைவதற்கு அதுதான் பிடிப்பு. விரல் வைத்தேன். ஊறிப்போன ரஸ்க் மாதிரி உதிர்ந்து விரலில் கறுப்பாக ஒட்டியது. வலப்பக்கத்திலும் அதே கதைதான், இன்னும் முழுதாக விடவில்லை.

சரிபண்ணலாமா, தூக்கிப் போடலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் பதில் சொன்னார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், "அதெல்லாம் இப்ப கெடைக்குமாம்மா, உயிரக் குடுத்தாவது வெச்சிக்கணும்" என்றார். உயிரைக் கொடுக்க அவர் தயாராக இல்லை, என் உயிரைச் சொன்னார். என் கணவர் டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். பாட்டென்றாலும் மிக்ஸி என்றாலும் அவருக்கு ஒன்றுதான். "எடத்த அடச்சிக்கினு கீது. போனாப் போவுது" என்றார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன், போனில், "புதுசு வாங்கித் தர்றேம்மா, விடேன்" என்றான்.

யாருக்கும் நான் காது கொடுக்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து, கணவரைக் கூட உட்காரவைத்து, பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த அந்தக் கடைக்கு இரண்டையும் கொண்டுபோனேன். டி.வி., மிக்ஸி, கல்யாண வீட்டு மைக் செட் எல்லாம் பழுது பார்க்கிற கடை. என்ன கோளாறு என்று நான்தான் சொன்னேன். தவில் அடியில் மட்டும் வருகிறது, குரலில் வரவில்லை, அதனால் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான காயில் நன்றாக இருக்க வேண்டும், வளையத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் கணவரைப் பார்த்து, "எப்ப வேணும் சார்?" என்றார்.

அன்றைக்கே நான் பெட்டிகளைத் திரும்ப ஏற்றியிருக்க வேண்டும்.

நாலு நாளில் தருகிறேன் என்றவர் ஆறு வாரம் இழுத்தார். வளையம் வரவில்லை, ஆள் வரவில்லை, கரண்ட் இல்லை. வைகாசி கடைசியில் ஒருநாள் என் கணவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார். அதுவே எனக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். தனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கக்கூட நாலு தரம் சொல்லவைக்கிற மனிதர், என்னைக் கூப்பிடாமல், ஆட்டோ வைத்து, இரண்டு ஆள் பிடித்து, பெட்டிகளைக் கூடத்தில் அதே இடத்தில் வைத்து வயரையும் மாட்டினார்.

வழக்கமாகக் கேட்கும் நாதஸ்வரத்தைப் போட்டேன். சத்தம் வந்தது. ஏராளமாக வந்தது. ஆனால் தவில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் தொம் தொம் என்றது. நாதஸ்வரத்துக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், திறந்துகொண்டு கேட்டேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பாட்டைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீதில்ல?" என்றார்.

சமையலறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து துணி மூடியைக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று புதுக் கறுப்பு. நடுவில் வெள்ளிக் கலரில் ஒரு குமிழ். கல்யாண மண்டப வாசலில் அலறுகிற பெட்டிகளில் இருக்குமே, அந்த ஜாதி. ஓட்டையின் அளவுக்குப் பொருந்தாததால் சுற்றிலும் ஒரு பிளைவுட் வளையம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். என் பெட்டியில் ஆணி.

"இது இன்னாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்" என்றவர், நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பையன்தான் பேசினான். நீ தெனம் அதயே சொல்லிக்கினு இருந்த. உனக்கு சந்தோசமா இருக்கட்டும்னுதான்" என்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசம் இருக்கும்."

ஒரு மாசம். அந்த ஒரு மாசமும் நான் காலையில் காபி கொடுத்துவிட்டு, "இன்னைக்காவது குடுப்பானா பாருங்க" என்று கேட்டிருக்கிறேன். அவரும் "கேக்கறேன்" என்று காபியை ஊதிக் குடித்திருக்கிறார். ஒருவரை ஏமாற்றுவதற்குக் கெட்ட எண்ணம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். நல்ல எண்ணம் போதும் போலிருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தால் மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை.

அப்படித்தான் மறுநாள் காலை அந்தக் கடையில் போய் நின்றேன். அப்போதுதான் காது சமாசாரம் வெளியே வந்தது. என் பழைய ஸ்பீக்கர்கள் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"அது எதுக்கும்மா இனிமே? எடைக்குப் போட்டாச்சு."

"எங்க?"

"கனகம்மாசத்திரம் போற வழில பழைய இரும்புக் கடை கீது. அவங்க வண்டி வந்து எடுத்துக்கினு போனாங்க. போன வாரம்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "புதுசு நூறு வாட்ஸ்மா. பழசு அதுல பாதிகூட இல்ல" என்றார்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரும்புக் கடை ரோட்டோரத்தில் தகரம் அடித்த ஒரு பெரிய பட்டி. பிரிட்ஜ் கதவுகள், சைக்கிள் சட்டங்கள், மின்விசிறி இறக்கைகள் மலை மாதிரிக் கிடந்தன. வெயில் தகரத்தில் பட்டு எழுகிற சூட்டில் இரும்பே வாடை அடித்தது. முதலாளி இல்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, ஆண் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, சுத்தியலால் மோட்டார் ஒன்றை உடைத்துச் செம்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கர் என்றதும் அவள் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "வட்டமா, கருப்பா, பின்னால பெரிய காந்தம் வெச்சது. திருத்தணி கடையில இருந்து வந்திச்சி. அதுவாக்கா?"

"ஆங். ரெண்டு."

"ஒண்ணு நேத்துதான் ஒடச்சேன்" என்றாள். உடைத்தது தன் வேலை, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்ற மாதிரி. "காந்தத்துக்கு. இன்னொண்ணு இன்னும் ஒடைக்கல."

மூலையில் ஒரு கோணியை விலக்கி எடுத்துக் கொடுத்தாள். என் ஸ்பீக்கர். கூம்பில் மண். ஆனால் கிழியவில்லை. உடைந்ததன் சட்டமும் கிடைத்தது. கூம்பு பாதியாகக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. முழுதாக இருந்ததைத் தூக்கிப் பார்த்தபோது, இத்தனை வருஷத்தில் அதை வெளியே எடுத்துக் கையில் பிடித்ததே இல்லை என்று தோன்றியது. கைக்குழந்தையின் எடை இருந்தது.

"இதுல இன்னாக்கா கீது?" என்றாள் அவள். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இரண்டையும் எடை போடச் சொல்லிக் காசை எண்ணிக் கொடுத்தேன். வீட்டிலிருப்பவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது.

தொலைபேசி நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி அரக்கோணத்தில் இருக்கிறாள். அவள்தான் ஒரு மெக்கானிக்கைச் சொன்னாள். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், பள்ளிவாசல் தெருவில், மோட்டார் காயில் கட்டுகிற சின்னக் கடை. ஐம்பத்தைந்து வயது இருக்கும் பாய். ஸ்பீக்கரைத் துணிப்பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு மின்சார ரயிலில் போனேன். போகும்போதே மனதில் சண்டைக்குத் தயாராகிக்கொண்டு போனேன். இவரும் "சார் வர்லயா?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை வைத்திருந்தேன்.

அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரை மேஜையில் கவிழ்த்து, நிமிர்த்தி, இரண்டு கட்டைவிரலாலும் கூம்பை மெதுவாக அமுக்கினார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என்னிடம் தள்ளினார்.

"நீங்க அமுக்கிப் பாருங்கம்மா. ஒரசுதா?"

அமுக்கினேன். "இல்ல. சுத்தமா போவுது."

"ஆங். காயில் நல்லா கீது." ஒரு பேட்டரி செல்லில் வயரை வைத்துத் தொட்டார். கூம்பு டக்கென்று முன்னால் வந்தது. "உசிரு கீது. வளையம்தான் போய்ட்ச்சு. டில்லில இருந்து வரவழைக்கணும். காயிலுக்கு நடுவுல எக்ஸ்ரே பிலிம வெட்டி சொருகி, சென்டர் பாத்து ஒட்டணும். பெட்டிக்குள்ள இருக்கற கெப்பாசிட்டரும் காஞ்சிருக்கும், அத்த மாத்தணும். பத்து வருசம் பாடும். இன்னொண்ணு எங்க?"

கிழிந்ததை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"யாரு பண்ணது இது?"

"வூட்ல."

அவர் டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்ததும், "நெசத்த சொல்லட்டுமாம்மா" என்றார். "ரெண்டும் இருந்திருந்தா, கண்ண மூடிக்கினு பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப வர்ற சாமான்ல இந்தக் காகிதம் வராது, இந்த மரம் வராது. ஆனா ஒண்ண மட்டும் பண்ணி இன்னா பண்ணப் போறீங்க? இதுக்கு ஜோடி கெடைக்காது. கெடைச்சாலும் அது வேற, இது வேற. ஒத்தயா பண்றது வேஸ்ட்டும்மா."

நான் அவர்மேலும் எரிந்து விழுந்தேன். எல்லோரும் இதைத்தான் சொல்கிறீர்கள், தூக்கிப் போடு தூக்கிப் போடு என்று. அதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கடைக்கு வெளியே நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

பாய் அசையவில்லை. "தூக்கிப் போடுன்னு நான் சொல்லலியேம்மா. கேட்டீங்க, சொன்னேன். வச்சிட்டுப் போங்க, பண்ணித் தர்றேன். ஆனா ரெண்டு பக்கமும் பாடும்னு நெனச்சிக்கினு போகாதீங்க."

வைத்துவிட்டு வந்தேன். அந்த இரும்புக் கடைப் பெண்ணை விட்டால், இத்தனை மாதத்தில் என்னிடம் ஒளிக்காமல் பேசியவர் அவர் ஒருவர். அவரிடம்தான் நான் கத்தினேன். வீட்டில் கத்தியிருக்க வேண்டியதை ரயில் ஏறிப் போய் அங்கே கத்திவிட்டு வந்தேன்.

அடுத்து நான் செய்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. மகன் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. கையில் ஒரு காகிதம் வேண்டும். முத்திரையோடு. திருவள்ளூரில் காது பரிசோதிக்கிற ஓர் இடத்துக்கு யாரிடமும் சொல்லாமல் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டினார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பிடி. சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாள் அந்தப் பெண். நான் பரீட்சையில் முதலிடம் வாங்கப் போகிறவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டேதான் இருந்தாள்.

வெளியே வந்ததும் காகிதத்தைக் காட்டினாள். ஒரு கோடு, நேராக வந்து, வலப்பக்கத்தில் மலையிலிருந்து இறங்குவதுபோல் சரிந்தது.

"பேசறது, பாட்டு எல்லாம் உங்களுக்கு நல்லாவே கேக்கும்மா. ரொம்ப மேல் சத்தம்தான் போயிருக்கு. ஜால்ரா, கொலுசு, குருவி சத்தம் இந்த மாதிரி. ரெண்டு காதுலயும். உங்க வயசுக்கு இது சகஜம்."

"எப்பருந்து?"

"மெதுவா போறது. போறப்ப தெரியாது."

ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டு மாடியில் கடைசியாக எப்போது குருவி சத்தம் கேட்டேன் என்று யோசித்தேன். குருவிகள் ஊரைவிட்டே போய்விட்டன என்று பத்திரிகையில் எழுதியிருந்ததைப் படித்துத் தலையாட்டியிருக்கிறேன். போனது குருவியா, என் காதா? கோபத்துக்கு ஒரு காகிதம் வாங்கப் போய், அதில் பாதியை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. ஆனால் மறுபாதி முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டி.வி. சத்தத்தை நான் எங்கே வைக்கிறேன், போனில் எதை இரண்டாம் முறை கேட்கிறேன் என்று பார்த்து எனக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறான். அதை என்னிடம் சொல்லாமல் ஒரு மிக்ஸி ரிப்பேர்காரரிடம் சொல்லியிருக்கிறான்.

ஆடிக் கிருத்திகைக்கு அவன் வந்தான், மனைவியோடும் குழந்தையோடும். அந்த மூன்று நாளும் எங்கள் ஊரில் தெரு தெருவாக இருக்காது. மஞ்சள் துணியும் காவடியும் மொட்டைத் தலைச் சந்தனமும்தான் தெரியும். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி. ஒவ்வொன்றும் வேறு வேறு பாட்டைக் கத்தும். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமனாரோடு மலைக்குக் கிளம்பிவிட்டாள். அவன் லேப்டாப்பைத் திறந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். மூடி கழற்றப்பட்ட பெட்டிகள் அவனுக்கு எதிரில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. புது ஸ்பீக்கர்களை நான் ஏற்கெனவே பிடுங்கிக் கடைக்காரர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"இன்னும் அந்தக் கோவம் போகலியா?" என்றான்.

"எந்தக் கோவம்?"

"அம்மா, நல்லதுக்குதான் பண்ணேன். அந்தாளு பழச பண்ண முடியாதுன்னுட்டான். நீ தெனம் மூணு தரம் எனக்கு போன் பண்ணிக்கினு இருந்த. மீட்டிங்ல இருக்கேன், போன் அடிக்குது, எடுத்தா ஸ்பீக்கர் இன்னும் வர்லன்ற. நான் இன்னா பண்றது?"

மூன்று தரம் நான் பண்ணியிருப்பேனா? பண்ணியிருப்பேன். வேலையை விட்டபிறகு போன் எடுப்பதற்கு எனக்கு வேறு காரணம் அதிகம் இருக்கவில்லை. அது அவன் சொல்லும்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

"பண்ண முடியாதுன்னு அந்தாளு சொன்னா, அத என்கிட்ட சொல்லியிருக்கணும். நீ எனக்குக் காது கேக்காதுன்னு அவன்கிட்ட சொன்ன."

அவன் லேப்டாப்பை மூடினான். "அப்படி இல்லம்மா, பேச்சுக்கு..."

திருவள்ளூர்க் காகிதத்தை எடுத்து வந்து மூடிய லேப்டாப்மேல் வைத்தேன். அவன் பிரித்துப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எப்ப போன? யாரு கூட?"

"தனியா. நீ சொன்னது கொஞ்சம் நெசம்தான். மேல் சத்தம் போயிட்ச்சு. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். கடைக்காரனுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல."

"நீ வருத்தப்படுவன்னுதான்..."

"வருத்தப்பட்டுட்டுப் போறேன். அது என் வருத்தம். என்னைக் கேக்காம என் பொருளப் பிரிச்சி, என் கண்ணுக்கு முன்னாடியே அதே பெட்டில வேறத்த வெச்சி, நல்லா இருக்குதான்னு என் மூஞ்சியப் பாக்கறதுக்கு நான் இன்னா கொழந்தயாடா? நாளைக்கு என் மாத்திரயும் இப்படித்தான் மாத்துவீங்களா? வூட்டையும் இப்படித்தான் விப்பீங்களா, அம்மாவுக்குத் தெரியாதுன்னு?"

வெளியே ஒரு காவடிக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு போனது. அது கடந்து போகும்வரை என்ன பேசினாலும் கேட்டிருக்காது, யார் காதுக்கும். கூட்டம் போனபிறகு அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, "மலைக்குப் போய் அவங்களப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மறுநாள் போகும்போது குழந்தையை முத்தம் கொடுக்கச் சொன்னான். தன் பங்குக்கு என் கையைத் தொட்டான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவனிடமிருந்து இன்றுவரை வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறான். முன்னைவிடச் சத்தமாகவும் நிறுத்தி நிறுத்தியும் பேசுகிறான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. "மெதுவா பேசு, கேக்குது" என்கிறேன்.

ஆவணியில் பாய் போன் செய்தார். வேலையை ஒழுங்காகவே செய்திருந்தார். வளையம் ஒட்டிய இடம் தெரியவில்லை, கூம்பில் மண் இல்லை. பெட்டிக்குள் போடவேண்டியவற்றையும் கொடுத்து, எதை எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு அட்டையில் வரைந்தும் கொடுத்தார். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். "இந்தக் கடைக்கு வர்றவங்க பாதிப்பேரு வேற யாரு மேலயோ இருக்கற கோவத்தத்தான் கொண்டாராங்க" என்றார். "ஒரு மாசம் மெதுவா வெச்சிக் கேளுங்க. புது ரப்பர் வளையம் எளகணும்."

வீட்டில் நானே மாட்டினேன். வலப்பக்கத்துப் பெட்டியை மட்டும் கூடத்தின் நடுவே இழுத்து வைத்தேன். நாதஸ்வரம் போட்டேன். தவிலுக்குத் தோல் திரும்ப வந்திருந்தது. ஜால்ரா இருக்கிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கும் என்று தெரியும், கேட்கவில்லை. இதுவரை அது கேட்காததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒற்றைப் பெட்டியில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. முன்பு நாதஸ்வரக்காரர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார், தவில் வலப்பக்கம். இப்போது இருவரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆனால் வாசிக்கிறார்கள்.

எதிர்வீட்டு வாத்தியார் வந்து கேட்டுவிட்டு, செலவழித்தது தகுமா என்று கேட்டார். பாய் சொன்னதைத்தான் சொன்னேன். தகாது. ஒற்றை ஸ்பீக்கரை இவ்வளவு அலைந்து சரிபண்ணுவது புத்திசாலித்தனம் இல்லை. யாராவது வந்து யோசனை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஜோடியாக இருந்தால், காயில் நன்றாக இருந்தால், உங்களிடம் கேட்டுச் செய்கிற ஆள் கிடைத்தால் செய்யுங்கள். இல்லையென்றால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நான் செய்தேன். கோபத்தில்தான் செய்தேன். அந்தக் கோபம் தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் என் கணவர் காலியாக நிற்கும் இடப்பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அதற்குள் தலையை விட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"அந்தக் காலிப் பொட்டி, ஒண்ணுமில்லாமதான கீது. வெளிய போட்டுடலாமா? இல்ல, உனக்கு வேணும்னா இருக்கட்டும். கேக்கறேன், அவ்ளோதான்."

அடுப்பைத் தணித்துவிட்டு அவரைப் பார்த்தேன். துண்டைத் தோளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டு, பதிலுக்கு உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றார்.

"போட்டுடலாங்க" என்றேன்.